ஆண்டகளூர் கேட் தாண்டி, நாலு கேமராவோடு ஒரு சாவுக்கு

ஏற்காடு போகத்தான் கிளம்பினேன். இந்தப் பதிவில் ஏற்காடு வராது. ஏரி, படகு, மிளகாய் பஜ்ஜி என்று தேடி வந்தவர்கள் இப்போதே வேறு பக்கம் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஆகஸ்ட் மாதம் மூன்று நாள் விடுப்பு சேர்ந்தாற்போலக் கிடைத்தது. எனக்குச் சொந்த ஊர் மேலப்பாளையம், வேலை மதுரையில். என்னோடு கல்லூரியில் படித்த ஜெசிந்தா சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறாள். ஏற்காடு சாலையிலேயே வீடு, கீழே அலுவலகம். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் நாலைந்து கேமராக்களை வைத்துப் படம்பிடித்து அந்த நேரத்திலேயே இணையத்தில் ஓடவிடுவது அவள் தொழில். அவர்கள் பேச்சில் அதற்கு ‘லைவ்’ என்று பெயர். பல வருடங்களாக வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், இந்த முறை நான் வருகிறேன் என்றதும் சந்தோஷத்தில் கத்தினாள்.

மதுரை ஆரப்பாளையத்தில் காலை ஆறரைக்கு சேலம் பேருந்து. திண்டுக்கல், கரூர், நாமக்கல் வழி. அரசுப் பேருந்தில் இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும், ஐந்தரை மணி நேரம். புதிய பேருந்து நிலையத்திலிருந்து அஸ்தம்பட்டிக்கு ஆட்டோவில் நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார். டவுன் பஸ் நிறைய இருக்கிறது, பெட்டி கனம் என்றால்தான் ஆட்டோ.

“நாளைக்கு மத்தியானம் ஒரு லைவ் இருக்குடி நூரு. நீயும் கூட வா. முடிச்சிட்டு சாயங்காலம் மலை ஏறிடலாம்” என்றாள் ஜெசிந்தா. நாலு கேமரா ஒன்றாக வேலை செய்வதை நான் பார்த்ததில்லை. சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

மறுநாள் மாம்பழ நிறத்தில் பட்டுச்சேலை கட்டி, இரண்டு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வெள்ளைச் சட்டையில் இருந்தார்கள். சீருடை போல என்று நினைத்தேன். ஜெசிந்தாவும் வெள்ளைப் பருத்திச் சேலையில் வந்தாள். என்னை மேலிருந்து கீழே பார்த்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“ஐயோ நூரு, நான் சொல்லலையா? சாவுக்குப் போறோம்டி.”

“சாவுக்கா? சாவுக்கு எதுக்குளா கேமரா?”

எனக்கு அப்போது வந்த அதிர்ச்சியைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒருவர் மௌத்தானால் குளிப்பாட்டி, தொழவைத்து, அடக்கம் செய்யும்வரை வேறு பேச்சே கிடையாது. மய்யித்தாகக் கிடப்பவரின் முகத்துக்கு நேரே யாராவது போனைத் தூக்கினால் அந்தப் போன் முழுசாக வீடு திரும்பாது. இங்கே நாலு கேமரா, கேமராவை உயரத் தூக்க ஒரு கிரேன், பெரிய எல்இடி திரை, அதை ஏற்ற ஒரு தனி வண்டி. பூவை எடுத்துவிட்டு, ஜெசிந்தாவின் சாம்பல் நிறச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு ஏறினேன். ஏறாமல் இருந்திருக்கலாம் என்று வழியெல்லாம் தோன்றியது.

அஸ்தம்பட்டியிலிருந்து சீலநாயக்கன்பட்டி பைபாஸ் பிடித்து, மல்லூர் தாண்டி, ஆண்டகளூர் கேட்டில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, உள்ளே ஏழு கிலோமீட்டர். மொத்தம் நாற்பதுக்குச் சற்றுக் குறைவு, ஒரு மணி நேரம். இருபுறமும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடு, நடுநடுவே ஜவ்வரிசி ஆலையின் புளித்த வாடை, எதிரே முட்டை லாரிகள். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அது அவர்கள் வீட்டுத் துக்கம்.

வேனை ஓட்டியவர் செந்தில். திருச்செங்கோட்டுக்காரர், இரண்டாவது கேமரா அவருடையது. மல்லூரில் டீ குடிக்க நிறுத்தியபோது என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏனுங்க்கா, இதுக்கே இப்படி மலைச்சுப் போயிட்டீங்க? போன மாசம் ஒரு சாவுக்கு டுரோன் கேட்டாங்க.”

“விட்டீங்களா?”

“உட்டமுங்க. அது காத்தடிச்சு மாலையெல்லாம் பறந்துருச்சுங்க. மாமன் மச்சானெல்லாம் தொரத்திப் புடிச்சாங்க.”

நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றே கால். சின்ன கோயில்தான், கிறிஸ்தவக் கோயில். முற்றத்தில் வேப்பமரத்தடியில் எல்இடி திரையை நிறுத்தினார்கள். இறந்துபோன சகாயமேரி அம்மாவின் சிரித்த படம், கீழே பெயர், மூலையில் சிவப்பில் ‘நேரலை’. கோயிலுக்குள் பக்கவாட்டில், தூணுக்குப் பின்னால் மேசை போட்டு ஜெசிந்தா உட்கார்ந்தாள். அவள் முன்னால் இருந்த திரையில் நாலு கேமராவும் நாலு கட்டங்களாகத் தெரியும். கீழே மிக்சர் என்ற பொத்தான் பலகை. எந்தப் பொத்தானை அழுத்துகிறாளோ அந்தக் கேமராவின் படம் வெளியே போகும். பக்கத்தில் ஒரு மடிக்கணினி, வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு என்ன தெரிகிறது என்பதைப் பார்த்துக்கொள்ள. என்னை அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

பெட்டி வருவதற்கு முன்பே மகள் ரீட்டா வந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

“ஏனுங்க, என் தம்பிக்கு அம்மா மொகம் நல்லாத் தெரியோணுங்க. மத்தது தெரிஞ்சாலும் தெரியாட்டியும் செரி.”

தம்பி அருள் அயர்லாந்தில் இருக்கிறான். அங்கே தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறான். அது கைக்கு வரும் முன் நாட்டை விட்டு வந்தால் திரும்பப் போக முடியாது. மனைவியும் கைக்குழந்தையும் அங்கேதான். வீட்டில் எல்லாரும் சேர்ந்து அவனை வராதே என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர்களில் ரீட்டாவும் உண்டு.

“பெட்டி மூடறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசோணும்ங்கறான். அதைய மட்டும் செஞ்சு குடுத்துருங்க. நான் அவன வரவேண்டாம்னு சொன்னவ.”

அந்த நாலு கேமராவுக்கும் கிரேனுக்கும் காரணம் இதுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காலையிலிருந்து மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்ததை நிறுத்திக்கொண்டேன்.

பெட்டி வந்து சேர்ந்ததும் வீடியோ காலில் முயன்று பார்த்தார்கள். கூட்டம் சேர்ந்துவிட்டதால் சிக்னல் திணறியது, அவன் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. சாதாரண போன் பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. அதனால் ஜெசிந்தா ஒரு வழி செய்தாள். படத்தை அவன் லைவில் பார்க்கட்டும், பேச்சைப் போனில் பேசட்டும். ரீட்டாவின் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பெட்டியின் தலைமாட்டில் வைத்து, அதன் அருகே கோயில் மைக்கைப் பொருத்தினாள். சோதித்துப் பார்த்தபோது ஒரே எதிரொலி. அவன் கணினியில் ஓடும் லைவின் சத்தம் போன் வழியாகத் திரும்பிக் கோயிலுக்குள் கேட்டது.

“அருள், போனை மியூட்ல போட்டு, சத்தத்தையும் குறைச்சுக் கீழ வெச்சிருங்க. லைவ் சத்தத்தை மட்டும் கேளுங்க. ஃபாதர் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் போனை எடுத்துப் பேசுங்க” என்றாள் ஜெசிந்தா.

“செரிங்க்கா” என்றான்.

எதிரொலி நின்றது. தவறு அங்கேதான் நடந்தது, நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

லைவ் என்று பெயர்தானே தவிர, இங்கே நடப்பது அங்கே போய்ச் சேர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் இது தெரியும். கல்யாணத்தில் அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. சிங்கப்பூர் மாமா தாலி கட்டுவதை அரை நிமிடம் பிந்திப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? அங்கிருந்து யாரும் பதில் பேச வேண்டியதில்லை. அதனால் தெரிந்த விஷயம் ஜெசிந்தாவின் நினைவுக்கு வரவே இல்லை. அவள் கவலையெல்லாம் அந்த எதிரொலிமேல் இருந்தது.

மூன்று மணிக்குப் பூசை தொடங்கியது. ஜெசிந்தா காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு கேமராக்காரர்களிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தாள். “ஒண்ணு, வைடு. ரெண்டு, அம்மா முகம், டைட்டா வை. மூணு, ரீட்டாக்கா அழறாங்க, அங்க போ, மெதுவா.” ஒரு மனுஷி அழுவதை எப்படி நம்பர் சொல்லிக் கூப்பிடுவது? என் முறைப்பைப் பார்த்தவள் ஹெட்செட் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, “நானும் அழுதுட்டா அந்தப் பையனுக்கு யாருடி காட்டுவா?” என்றாள். அவள் கண் உண்மையிலேயே கலங்கித்தான் இருந்தது.

மடிக்கணினியில் பார்வையாளர்களின் செய்திகள் மேலே மேலே ஓடின. கூப்பிய கைகள், அழும் முகங்கள். நடுவே யாரோ ஒருவர் ‘குவாலிட்டி சூப்பர்’ என்று போட்டிருந்தார். சத்தியமாகப் போட்டிருந்தார்.

அந்த ஊரில் பெட்டியைக் கோயிலுக்குள்ளேயே மூடிவிட்டுத்தான் கல்லறைக்குத் தூக்குவார்கள். பூசை முடிந்தது. ஃபாதர் தீர்த்தம் தெளித்தார், சாம்பிராணி காட்டினார், கடைசி செபத்தைச் சொல்லி முடித்தார். பிறகு மைக்கில், “அருள், அம்மாகிட்ட பேசுப்பா” என்றார்.

போனிலிருந்து சத்தம் இல்லை.

“அருள், பேசலாம்பா.”

கோயிலே காத்திருந்தது. யாரோ இருமினார்கள். ஃபாதருக்குத் துணையாகக் கோயில் வேலை பார்க்கும் உபதேசியார் மூடியின் ஒரு முனையைப் பிடித்தபடி ஃபாதரைப் பார்த்தார், ஃபாதர் ரீட்டாவைப் பார்த்தார்.

“அழுவறானுங்க போல. அவனால முடியாதுங்க” என்றார் ரீட்டா. “உடுங்க ஃபாதர். மூடிருங்க.”

மூடினார்கள். உபதேசியார் இரண்டு பக்கமும் திருகாணியைச் சுற்றினார்.

அப்போது ஒலிபெருக்கியில் குரல் வந்தது.

“அம்மா.”

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

“அம்மா, அருளும்மா. எல்லாரும் வந்திருக்காங்கம்மா, நாந்தான் வர முடியல.”

கோயில் நிறைய ஆட்கள். அத்தனை பேரும் மூடிய பெட்டியைப் பார்த்தபடி நின்றார்கள். நான் மேசையைப் பார்த்தேன். ஜெசிந்தாவின் திரையில் நாலு கட்டத்திலும் மூடிய பெட்டி. மடிக்கணினியில் அந்த அம்மாவின் முகம், பளிச்சென்று, திறந்தபடி. ஃபாதர் அங்கே இப்போதுதான் கூப்பிட்டு முடித்திருந்தார். பிள்ளை சொன்னபடிதான் செய்திருக்கிறான். கூப்பிடும்வரை காத்திருந்து, கூப்பிட்டதும் பேசியிருக்கிறான்.

ஜெசிந்தா என் மணிக்கட்டைப் பிடித்தாள். “டிலே” என்றாள்.

“அக்கா” என்றது ஒலிபெருக்கி. “அம்மா மூக்குல ஈ உக்காருது பாரு. ஓட்டி உடுக்கா.”

ரீட்டா அசையாமல் நின்றார். பிறகு கையைத் தூக்கி, மூடிய பலகையின் மேல், முகம் இருக்கும் இடத்தில், இரண்டு முறை வீசினார்.

“ஓட்டிட்டேன் சாமி.”

பெண்கள் பக்கமிருந்து ஒரு கேவல் எழுந்து பாதியில் அடங்கியது. ஜெசிந்தா லைவை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். அழுத்திவிட்டு, “பிரயோஜனம் இல்லடி, போனது போயிருச்சு” என்றாள். மூடிய காட்சி ஏற்கெனவே அனுப்பப்பட்டு வழியில் இருந்தது. அவன் பேசிக்கொண்டிருக்க, மடிக்கணினியில் உபதேசியாரின் கைகள் வருவதை நாங்கள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூடி முகத்தின் மேல் இறங்கியது.

குரல் நின்றது.

“அக்கா, மூடறாங்க. நான் பேசிட்டிருக்கேன், மூடறாங்கக்கா.” பிறகு வேறு ஒரு குரலில் கேட்டான். “எப்ப மூடுனீங்க?”

ரீட்டா போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“நான் பேசறப்ப அம்மா மொகம் தொறந்திருந்துச்சா?”

“இல்ல சாமி.”



ரீட்டா உபதேசியார் பக்கம் திரும்பி, “தொறங்க” என்றார்.

“மூடுனதைத் தொறக்கற வழக்கம் இல்லீங்களே” என்றார் அவர். பின்னாலிருந்து ஒரு பெரியவர், “வேண்டாம் புள்ள, ஆகாது” என்றார். இன்னும் இரண்டு குரல்கள் ஆமாம் போட்டன. ஃபாதர் படியிறங்கி வந்தார். குனிந்து தன் கையாலேயே ஒரு திருகாணியைக் கழற்றத் தொடங்கினார். உபதேசியார் சற்று நின்றுவிட்டு மறுபக்கத்துத் திருகாணிக்குப் போனார்.

ஜெசிந்தா தூணுக்குப் பின்னாலிருந்து ஓடினாள். “அருள், நான் லைவ் போட்டவ பேசறேன். தப்பு என்னோடதுங்க. ரெண்டே நிமிஷம் குடுங்க, திரும்பப் படம் போட்டுத் தரேன்.”

“படம் வேண்டாங்க” என்றான். “அக்கா, நீ பாத்துச் சொல்லு. நான் பேசறேன்.”

மூடியைத் தூக்கினார்கள். நம்பினால் நம்புங்கள், உள்ளேயிருந்து ஒரு ஈ பறந்து போனது. ரீட்டாவும் பார்த்தார். “இப்பத்தான் சாமி நெசமாலுமே போச்சு” என்று சொல்லி அழுதார். சிரித்தாரோ என்றும் தோன்றியது.

பிறகு சொன்னார். அம்மாவுக்கு அரக்கு பார்டர் சேலை கட்டியிருக்கிறது. பவுடரைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டார்கள். செபமாலை வலது கையில் சுற்றியிருக்கிறது. “வாய் லேசாத் தொறந்தாப்பல இருக்குது சாமி. நம்மளத் திட்டறதுக்கு முன்னாடி வெச்சிருக்குமே, அதே மாதிரி.” போனிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகைதான். அதற்குப் பின் ரீட்டா போனை அம்மாவின் காதருகே வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். கோயில் மைக்கை ஃபாதர் அணைத்தார். அவன் என்ன பேசினான் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. செந்தில் தன் கேமராவைத் தரையைப் பார்க்கத் திருப்பிவிட்டுக் கைகட்டி நின்றார். ஜெசிந்தா யாருக்கும் எந்த நம்பரும் சொல்லவில்லை.

கல்லறை முடிந்து, வேன் அஸ்தம்பட்டி வந்து சேர்ந்தபோது ஆறரை மணி. ஏற்காட்டைப் பற்றி இருவருமே பேசவில்லை. ஜெசிந்தா மாடியில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “எனக்குத் தெரிஞ்ச விஷயம்டி அது” என்று மட்டும் பலமுறை சொன்னாள். என்ன சொன்னாலும் அவள் அதை நம்பப் போவதில்லை.

இனி, இதுபோல் ஒரு தேவை உங்களுக்கு வந்தால் உதவட்டும் என்று சில விஷயங்கள். வேலைக்கென்று வருபவர்கள் அஸ்தம்பட்டியில் தங்கலாம், அறை ஆயிரத்துக்குள் கிடைக்கிறது, நாமக்கல் சாலைக்கும் ஏற்காட்டுக்கும் இரண்டுக்கும் வசதி. ஆண்டகளூர் கேட்டில் உள்ளே திரும்பிவிட்டால் நல்ல சாப்பாட்டுக் கடை இல்லை, மல்லூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கிராமத்துக் கோயில்களில் கூட்டம் சேர்ந்ததும் சிக்னல் படுத்துவிடும், காலையில் சோதித்துப் பார்த்து ஏமாறாதீர்கள். லைவ் எடுப்பவரிடம் எத்தனை கேமரா என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை விநாடி பிந்தி வரும் என்று கேளுங்கள். அதைத் தூரத்தில் இருப்பவருக்கும் சொல்லுங்கள். அவர் பேச வேண்டும் என்றால், பேசி முடித்துவிட்டேன் என்று அவர் வாயால் சொல்லும்வரை யாரும் எதையும் மூடவேண்டாம். அமைதியாக இருக்கிறாரே என்று நீங்களாக ஓர் அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள்.

சாவுக்கு எதற்குக் கேமரா என்று நான் கேட்ட கேள்விக்கு இன்னும் எனக்கு முழுப் பதில் இல்லை. எங்கள் வீட்டில் வேண்டாம் என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் இன்னொருவர் வீட்டில் பார்த்தால் இனி முகம் சுளிக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் காலை ஊருக்குக் கிளம்பும்போது ஜெசிந்தா கீழே, கேமராவில் எடுத்த பதிவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பதிவில் தாமதம் கிடையாது. மூடிய பெட்டியும் அவன் குரலும், ரீட்டா வெறும் பலகையின் மேல் கையை வீசுவதும் ஒரே நேரத்தில் இருக்கும். ரீட்டா அன்றிரவே தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். அந்தப் பகுதியை எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று ஜெசிந்தா அருளுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். நான் பையைத் தோளில் மாட்டியபோது பதில் குரலாக வந்தது. அவள் எனக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“வெட்டிராதீங்க்கா. மூடி மேலதான்னாலும், நான் சொன்னதும் அக்கா ஓட்டி உட்டாளே. அது எனக்கு வேணுமுங்க.”